பந்தியில் அவளுக்கும் ஓர் இடம்



வவுனியா மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்கான பதிலே இம்மாதப் பக்கம். அவருடைய மகள் கனடாவில் ரொறன்ரோ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அங்கு நன்றியறிதல் நாள் கொண்டாடப்பட்ட அன்று தாய் தொலைபேசியில், "சமையல் முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். "கிழங்கைக் காலமையே சட்டியிலை போட்டிட்டன் அம்மா. அது தன்ரை பாட்டிலை அவியுது. வேலையாலை போய் மசிக்கிறதுதான் மிச்சம்" என்று மகள் சொன்னாராம். "சட்டியை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதா? வீடு எரிந்து போகாதா? அது என்ன சட்டி, என்ன பெருநாள்?" என்பது வாசகியின் கேள்வி.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் அடுப்படி எப்படியிருக்கிறது என்று அறிய விரும்பும் தாய்மார் நம்மிடையே பலர். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெருநாளும் ஒரு விதவையும்

நன்றியறிதல் நாள், நமது பொங்கலைப் போல அறுவடையோடு தொடர்புடைய ஒரு பெருநாள். கனடாவில் 1957 முதல் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை இது கொண்டாடப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை; அந்நாள் 1941 இல் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. முழு வான்கோழியை வாட்டி எடுப்பார்கள். அதனோடு கிறான்பெரி என்னும் புளிப்புப் பழத்தின் சாறு, பூசணிக்காய்ப் பணியாரம், இறைச்சிச் சாற்றில் காய்ச்சிய குழம்பு, அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட மசித்த உருளைக்கிழங்கு ஆகியன இருக்கும். மற்றவை கூடிக் குறைந்தாலும் மசித்த கிழங்கு இல்லாத விருந்து மிக அரிது. நத்தார் விருந்திலும் அது மேசைக்கு வரும்.

அமெரிக்காவில் இந்த நாள் நாடு முழுவதற்கும் பொதுவான நாளானதில் ஒரு விதவைத் தாய்க்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயர் சாரா ஜோசெபா ஹேல். 1822 இல் கணவர் இறந்தபோது அவருக்கு நான்கு பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை வயிற்றில். பிள்ளைகளை வளர்ப்பதற்காக எழுதத் தொடங்கிய அவர், 1837 முதல் 1877 வரை 40 ஆண்டுகள் பெண்களுக்கான ஒரு சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு நாட்களில் கொண்டாடப்பட்ட இப்பெருநாளை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று சஞ்சிகையில் எழுதினார். ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் ஆண்டுக்கணக்காகக் கடிதங்கள் அனுப்பினார். 1863 செப்டெம்பரில் அவர் எழுதிய கடிதம் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனிடம் போனது. அடுத்த மாதமே லிங்கன் அந்த நாளைப் பிரகடனம் செய்தார்.

அது அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நடுப்பகுதி. 1861 முதல் 1865 வரை நடந்த அந்த யுத்தத்தில் 6 இலட்சத்துக்கும் அதிகமான படையினர் மாண்டனர். நன்றி சொல்லும் நாளில், யுத்தத்தால் விதவைகளானோரையும் அநாதைகளானோரையும் துயருறுவோரையும் நினைத்து வேண்டுதல் செய்யுமாறு அந்தப் பிரகடனம் மக்களைக் கேட்டுக்கொண்டது. அதே நாட்டின் பூர்வீகக் குடிமக்கள் பலருக்கு இது நிலத்தையும் உயிர்களையும் இழந்ததை நினைக்கும் நாள். 1970 முதல் ஒவ்வோர் ஆண்டும் அதே வியாழக்கிழமையில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் பிளிமத் நகரில் அவர்கள் துக்க நாள் அனுட்டிக்கிறார்கள். ஒரே திகதி ஒருவருக்குப் பெருநாளாகவும் இன்னொருவருக்குத் துக்க நாளாகவும் இருக்கக்கூடும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கிழங்கு ஏன் கடைசி வேலை?

ஒரு வான்கோழி 6 கிலோவுக்கு மேல் இருந்தால் அது வெதுப்படுப்பை ஏறக்குறைய 4 மணித்தியாலம் பிடித்து வைத்திருக்கும். மேலே இருக்கும் நான்கு அடுப்புகளிலும் மற்றக் கறிகள், குழம்புகள். மசித்த கிழங்கோ சுடச்சுட இருந்தால்தான் ருசி. ஆறினால் இறுகிப் பசைபோலாகிவிடும். ஆகவே அதை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே செய்ய வேண்டியிருக்கிறது. விருந்தினர் மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்ட நேரத்தில், வீட்டுக்காரி அடுப்படியில் நீராவிக்குள் நின்று கிழங்கு மசித்துக்கொண்டிருப்பாள். அவள் வந்து இருக்கும்போது மற்றவர்கள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

அந்தக் கடைசி அரைமணித்தியாலத்தை விடியற்காலைக்கு நகர்த்துவதே வாசகியின் மகள் பாவிக்கும் சட்டியின் வேலை. அது கனமான பீங்கான் சட்டி. அதைச் சுற்றி மின்கம்பி பொருத்திய ஓர் உறை. மேலே கண்ணாடி மூடி. 'குறைவு', 'கூட', 'சூடாக வைத்திரு' என்று மூன்று நிலைகள். பெரும்பாலான சட்டிகள் 200 முதல் 300 வாட் வரையிலான மின்சாரத்தையே எடுக்கின்றன. 250 வாட் சட்டியொன்று 4 மணித்தியாலம் வேலை செய்தால் செலவாவது ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம். மிக மெதுவாகச் சூடேறுவதால் அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது, பக்கத்தில் நின்று கிண்டவும் தேவையில்லை.

இந்தச் சட்டி பிறந்த கதையும் ஒரு தாயின் நினைவிலிருந்தே வந்தது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலை தொடங்குகிறது. அதன்பின் அடுப்பு மூட்டக்கூடாது என்பது அவர்களது மார்க்க விதி. லிதுவேனியா நாட்டு யூதக் கிராமங்களில் பெண்கள் இறைச்சி, அவரை, கிழங்கு எல்லாவற்றையும் ஒரு பானையில் சேர்த்து மாலைக்குமுன் ஊர் வெதுப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தணிந்துகொண்டிருக்கும் போறணையின் சூட்டில் அது இரவிரவாக அவிந்து, மறுநாள் மதிய உணவாகும். அதற்குச் 'சோலன்ற்' என்று பெயர். சிறுமியாகத் தான் பானையைத் தூக்கிக்கொண்டு போன கதையை ஒரு தாய் அமெரிக்காவில் தன் மகனுக்குச் சொன்னார். அந்த மகன் இர்விங் நக்ஸன் ஒரு பொறியியலாளர். அவர் அமைத்த மின்சட்டிக்கு 1940 இல் காப்புரிமை கிடைத்தது. 1970 இல் அவரது நிறுவனத்தை ரைவல் என்னும் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு 'கிறொக் பொட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அது பரவிய காலத்தையும் கவனியுங்கள். 1970 இல் அமெரிக்கப் பெண்களில் சுமார் 43 வீதத்தினர் தொழிற்படையில் இருந்தனர். 1980 இல் அது 51 வீதத்தைத் தாண்டியது. வெளியே உழைக்கவும் வேண்டும், வீட்டில் சமைக்கவும் வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆளில்லாமல் சமைக்கும் சட்டி தேவைப்பட்டது.

செய்முறை

8 முதல் 10 பேருக்கு வேண்டியவை: உருளைக்கிழங்கு இரண்டேகால் கிலோ, தண்ணீர் ஒரு கோப்பை, பட்டர் 100 கிராம், உள்ளி 4 பல்லு, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, பால் ஒரு கோப்பை, விரும்பினால் புளித்த ஆடை அரைக் கோப்பை, மிளகுதூள் சிறிது. பச்சை நிறம் பட்ட கிழங்கையும் நன்றாக முளைவிட்டதையும் ஒதுக்கிவிடுங்கள்.

தோல் சீவி, ஓர் அங்குலத் துண்டுகளாக ஒரே அளவில் வெட்ட வேண்டும். அளவு மாறினால் ஒன்று கரைய மற்றது கல்லாக நிற்கும். துண்டுகளைச் சட்டியில் போட்டு, தண்ணீரும் உப்பும் உள்ளியும் பாதிப் பட்டரும் சேர்த்து, எல்லாத் துண்டிலும் ஈரம் படுமாறு புரட்டிவிட வேண்டும். காற்றுப் பட்டால் மேல் துண்டுகள் கறுக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் போதுமா என்று எண்ண வேண்டாம். மூடிய சட்டியில் நீர் வற்றாது. கிழங்கு நீராவியிலேயே அவியும். 'கூட' நிலையில் ஏறத்தாழ 4 மணித்தியாலம். வேலைக்குப் போகிறவர்கள் 'குறைவு' நிலையில் 7 மணித்தியாலமளவில் விடலாம். இடையில் மூடியைத் திறக்கக்கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர 20 நிமிடத்துக்குமேல் செல்லும்.

கத்தி முனை தடையின்றி இறங்கினால் பதம் சரி. அதே சட்டிக்குள் கைமத்தால் மசித்து, மிச்சப் பட்டரையும் சூடாக்கிய பாலையும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். புளித்த ஆடையைக் கடைசியிலேயே சேர்க்கவும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் கிழங்கு மெத்தென்று அவியாது. மின் அரைப்பானில் அடித்தால் கிழங்கின் மா வெளிப்பட்டுப் பசையாகிவிடும். பின்னர் 'சூடாக வைத்திரு' நிலையில் 2 மணித்தியாலம்வரை விட்டு, இடைக்கிடை கிளறி, இறுகினால் கொஞ்சம் சூடான பால் விடலாம். விருந்து தொடங்கும்போது எடுத்து மேசையில் வைக்க வேண்டியதுதான்.

வீடு எரியாதா?

ஆள் இல்லாத நேரத்திலும் இயங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட சட்டி இது. சமதரையில், சுவரிலிருந்து தள்ளி, நல்ல மின்கம்பியோடு வைத்தால் பயமில்லை. ஆனால் நம் வீடுகளைப் பொறுத்தவரை சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற். உறவினர் அங்கிருந்து அன்பாக அனுப்பும் சட்டியை இங்கு நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். நீங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் அந்த உணவைக் கொட்டிவிடுங்கள். சமைத்த உணவின் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதில் கிருமிகள் பெருகத் தொடங்கும். 'கிட்னி பீன்ஸ்' எனப்படும் சிவப்புப் பெரிய அவரைவிதையை ஊறவைத்து, வேறு பாத்திரத்தில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடாமல் இதில் போடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மெல்லிய சூட்டில் அழியாது. வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

இந்தச் சட்டிக்காகக் கடன்பட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கிழமைக் கட்டுக்காசுக்கு வீட்டுச் சாமான் எடுத்து, பிறகு அந்தக் காசுக்காக ஒளித்துத் திரிந்த சகோதரிகளை நாம் அறிவோம். சோறு சமைக்கும் மின்பானை இருப்பவர்கள், அடுப்பில் அவித்து மசித்த கிழங்கை அதன் சூடுகாக்கும் நிலையில் ஒரு மணித்தியாலம் வைத்திருக்கலாம்.

மின்சாரமே வேண்டாம் என்றால் வைக்கோல் பெட்டி இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தப் பிரித்தானிய அரசு வீட்டுப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு மரப்பெட்டியில் அல்லது கடதாசிப் பெட்டியில் நாலு பக்கமும் அடியிலும் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் காய்ந்த வைக்கோலை இறுக்கி அடைத்து, நடுவில் பானைக்கு இடம் விட வேண்டும். துண்டு கிழங்கை நீர் மூட உப்புப் போட்டு, 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு துணியில் சுற்றி உள்ளே வைத்து, மேலே வைக்கோல் அடைத்த தலையணையால் மூடவும். பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். ஒன்றரை மணித்தியாலத்தில் கிழங்கு அவிந்திருக்கும். எடுக்கும்போது ஆவி பறக்காவிட்டால் மீண்டும் கொதிக்கவைத்த பின்பே சாப்பிடவும். இறைச்சி, மீனுக்கு இது வேண்டாம். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களை மறக்காதவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

சட்டியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அது மிச்சப்படுத்திய அரைமணித்தியாலம் எங்கே போகிறது?

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதே கேள்வியை ஆராய்ந்த இரு அமெரிக்கப் பெண்களின் நூல்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றாசிரியர் 1983 இல் வெளியிட்ட நூலில், வீட்டு இயந்திரங்கள் பெருகியும் வீட்டுப் பெண்ணின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டினார். விறகு கொத்துவது, தண்ணீர் சுமப்பது போன்று ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை இயந்திரங்களும் குழாய்களும் எடுத்துக்கொண்டன. பெண்ணிடமோ மேலும் சுத்தமும் மேலும் வகைவகையான சாப்பாடும் எதிர்பார்க்கப்பட்டன. 1989 இல் ஆர்லி ஹொக்சைல்ட் என்னும் சமூகவியலாளர், வேலைக்குப் போகும் பெண் வீடு திரும்பியதும் இரண்டாவது வேலைமுறையைத் தொடங்குகிறாள் என்று எழுதினார். கிழங்குச் சட்டி வேலையின் நேரத்தை மாற்றும். வேலையைச் செய்யும் ஆளை மாற்றுவது நம்முடைய பொறுப்பு.

நான் வேலை செய்யும் கிராமமொன்றில், மாதர் சங்கக் கூட்டத்தில், தீபாவளி நாளின் 24 மணித்தியாலத்தையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அதிகாலை 3 மணிக்கு எழும்பியது, தேங்காய் துருவியது, பலகாரம் சுட்டது, பிள்ளைகளைக் குளிக்க வார்த்தது, பந்தி பரிமாறியது, பாத்திரம் கழுவியது எல்லாம் வந்தன. 17 பேர் எழுதினார்கள். 11 பேருடைய தாளில் அவர்கள் சாப்பிட்ட நேரம் இல்லை. "அக்கா, நீங்கள் எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று ஒருவரைக் கேட்டேன். "சட்டி கழுவேக்கை மிஞ்சினதை வழிச்சுத் திண்டனான் பிள்ளை, அதையும் எழுதோணுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

யுத்தத்தில் கணவனை இழந்த சகோதரிகளின் நிலை இதைவிடக் கடினமானது. சொந்தத் தங்கையின் மகளின் சாமத்தியச் சடங்கில் 30 தேங்காய் துருவியவரை, ஆராத்தி எடுக்கும் நேரம் வந்ததும், "அக்கா, நீங்கள் குசினியைப் பாருங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் சபைக்கு வருவதா, ஒதுங்குவதா என்று தெரியாமல் தானாகவே அடுப்படிக்குள் போய்விடுகிறாள். அவளுடைய கைச்சமையல் ஆகும், அவள் ஆகாதா? சமையலைச் சாட்டி அவளை மறைத்து வைக்கும் வழக்கம் இது. வெளியே யாரும் விரட்டியதாகத் தெரியாது. வேலை இருந்தது, போனாள் என்றுதான் தெரியும். சாரா ஹேலை அந்த நாடு குசினிக்குள் விட்டிருந்தால் அவர் கேட்ட பெருநாள் வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பொங்கலோ, நத்தாரோ, நோன்புப் பெருநாளோ, அடுத்து உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். முதலாவது, பந்தியின் கடைசி நேரத்தில் சுடச்சுடச் செய்யவேண்டிய கறி எதுவென்று பார்த்து, அதைக் காலையிலேயே செய்து சூடாக வைக்க வழி தேடுங்கள். முடியாவிட்டால் அந்தக் கறியை விட்டுவிடுங்கள். ஒரு கறி குறைந்ததற்காகப் பெருநாள் குறைந்துவிடாது. இரண்டாவது, மசிப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றில் ஒன்றையாவது மகனிடமோ தம்பியிடமோ கொடுங்கள். பெண்ணின் கைதான் வேண்டும் என்று கிழங்கு கேட்பதில்லை. மூன்றாவது, கோப்பைகளை எண்ணும்போது சமைத்தவளின் கோப்பையையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் வீட்டுக் குசினியில் ஒரு பெரியம்மாவோ அக்காவோ ஒதுங்கி நிற்பாரானால், அவருடைய கையைப் பிடித்து அழைத்து வந்து முன்பந்தியில் இருத்துங்கள். அதைச் செய்ய நல்லநேரம் பார்க்க வேண்டியதில்லை.

செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். வீட்டில் யார் முகம் சுளித்தார், யார் எழுந்து இடம் கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.